கேட்டவன் கடன்

இனாமாகக் கிடைத்த ஒன்றுக்கு நாம் எவருக்கேனும் கடன்பட்டவர்கள் ஆவோமா? விலை கொடுத்து வாங்கிய பொருளில் இந்த ஐயம் எழுவதில்லை. காசைக் கொடுத்தோம், பொருளைப் பெற்றோம், கணக்குத் தீர்ந்தது. ஆனால், தெருவோரத்தில் நின்று, ஒரு செப்புக்காசும் செலவிடாமல், பிறர் எழுப்பிய இசையைச் செவியாரப் பருகிவிட்டு வீடு திரும்பியவனின் கணக்கு எங்கே தீர்கிறது? பல ஆண்டுகளாக என்னை விட்டு நீங்காதிருக்கும் வினா இது. இதனை என்னுள் எழுப்பியவர் பெரும் மேதை எவரும் அல்லர். தேநீர்க் கடை வாசலில் குந்தியிருந்த ஒரு முகவீணைக்காரர்.

முதலில் அந்த 'இனாம்' என்னும் சொல்லையே சற்று நோக்குவோம். கடைத்தெருவில் ஒன்று வாங்கினால் ஒன்று இனாம் என்கிறார்கள். கேள்வியின்றி, கணக்கின்றிக் கிடைப்பது என்பது அதன் பொருளாகிவிட்டது. இச்சொல் அரபியிலிருந்து நம்மிடம் வந்தது. 'இன்ஆம்' என்றால் அருட்கொடை வழங்குதல். நாம் நாள்தோறும் நாவில் வழங்கும் 'நிஃமத்' என்னும் சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான். 'தகாஸுர்' அத்தியாயத்தின் இறுதி வசனத்திலே, அந்நாளில் எதனைக் குறித்து நாம் விசாரிக்கப்படுவோம் என்று எச்சரிக்கப்படுகின்றோமோ, அந்த 'நயீம்' என்பதும் அவ்வேரின் கிளையே. நம் கடைத்தெருவில் கணக்கற்றது என்று பொருள்படும் சொல்லின் குடும்பத்தார், பிறந்த வீட்டிலே கணக்குக் கேட்கப்படும் பொருளாக நிற்கிறார்கள்! மொழி ஊர் விட்டு ஊர் வரும்போது வழியில் எதையெதையோ உதிர்த்துவிட்டு வருகிறது.

இனி நிகழ்ச்சிக்கு வருகிறேன். உத்திரமேரூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில், திரௌபதி அம்மன் கோயில் உள்ள இடங்களில் எல்லாம் பாரத விழா நடைபெறுவதுண்டு. பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. காஞ்சிபுரம் வட்டாரத்தில் இதனைக் கட்டைக்கூத்து என்றும் வழங்குவர். வேடதாரிகள் தோளிலும் தலையிலும் பூணுகின்ற மரக்கட்டை அணிகலன்களால் ஏற்பட்ட பெயர் அது. இரவு பத்து மணியளவில் தொடங்கினால் கிழக்கு வெளுக்கும்வரை நடக்கும். அனுமதிச் சீட்டு இல்லை, கதவு இல்லை, நாற்காலியும் இல்லை. கோரைப்பாயோ கோணிச் சாக்கோ கொண்டுவந்து விரித்தவர்க்கு விரித்த இடம் சொந்தம். குழந்தைகள் உறங்கிவிடுவார்கள், கட்டியக்காரன் வரும் கட்டத்தில் அவர்களை எழுப்பிவிடும் தாய்மாரும் உண்டு. ஆர்மோனியம், மிருதங்கம், தாளம், இவற்றோடு முகவீணை. 'வீணை' என்னும் பெயரைக் கண்டு நரம்புக் கருவி என எண்ணிவிட வேண்டா. நாகசுரத்தின் தம்பி எனத்தக்க சிறு குழல் அது; சீவாளி வைத்து ஊதுவது. அடியெடுத்துப் பாடும் கூத்தனின் குரல் முடியுமிடத்தில் அதே அடியை வாங்கி, அவன் விட்டுவிட்ட துயரத்தையும் சேர்த்து ஊதித் தருவது அதன் வேலை.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர், அந்தப் பகுதியிலே ஒரு மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்து வந்தேன். ஊரின் பெயர் இங்கே வேண்டா. உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்றை முடித்துக்கொண்டு ஓரிரவு நான் என் பழைய மொபெட்டில் திரும்பிக்கொண்டிருந்தேன். புகைக்குழாய் பழுதுபட்டு, அரை மைல் தொலைவிலேயே தன் வருகையை அறிவிக்கும் வண்டி அது. பக்கத்து ஊரிலே விளக்கொளி தெரிந்தது. அன்று கர்ண மோட்சம். போருக்குப் புறப்படும் கர்ணன், மனைவி பொன்னுருவியிடம் விடைபெறும் கட்டம். நான் வண்டியை நிறுத்தினேன். கூட்டத்தருகே செல்லவில்லை, சாலையோரப் புளியமரத்தின் இருளிலேயே நின்றேன். என் தாடியும் தொப்பியும் என்னை அங்கே நிறுத்தின என்று சொல்வதே நேர்மை. சற்று நேரம் கேட்டுவிட்டுச் செல்வோம் என்று நின்றவன், ஒரு மணி நேரத்திற்கு மேல் நின்றுவிட்டேன். அந்த முகவீணை அழுத அழுகையை இன்னும் என்னால் சொல்லில் எழுத இயலவில்லை.

மறுநாள் சுபுஹுக்குப் பிந்திய பாடத்திற்கு மாணவன் ஒருவன் தாமதமாக வந்தான். பதின்மூன்று வயதிருக்கும். கண்கள் சிவந்திருந்தன.

"எங்கே போயிருந்தாய்?"

"கூத்துக்கு, ஹஜ்ரத்."

"கூத்துக்கா?"

"சும்மாதான் ஹஜ்ரத். காசு ஒன்றும் கொடுக்கவில்லை."

காசு கொடுக்கவில்லை என்பதனால் குற்றம் குறைந்துவிட்டதாக அவன் எண்ணினான். செவியும் பார்வையும் உள்ளமும் ஒவ்வொன்றும் விசாரிக்கப்படும் என்பதை 'பனீ இஸ்ராயீல்' அத்தியாயத்திலிருந்து அவனுக்கு எடுத்துரைத்து, பாடம் முடியும்வரை நிற்க வைத்தேன். நான் சொன்ன வசனம் மெய். சொன்ன வாய் எத்தகையது என்பதை அவன் அறிந்திருக்க நியாயமில்லை என்பதே அப்போது எனக்கிருந்த ஆறுதல்.

பாடம் முடித்துத் தேநீர் அருந்தப் போனேன். கடை வாசலில் ஒரு முதியவர், துணி உறையிட்ட சிறு குழலை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். முகத்திலே அரிதாரத்தின் சுவடு இல்லை. ஊதுபவருக்கு அது தேவையில்லை அன்றோ! பேச்சுக் கொடுத்தேன்.

"பெரியவரே, கூத்து முடிந்தும் இங்கேயே இருக்கிறீர்களே?"

"மீதிப் பணத்துக்காக உட்கார்ந்திருக்கேன் பாய். வாத்தியார் மத்தவங்களைக் கூட்டிக்கிட்டு அடுத்த ஊருக்குப் போயிட்டார். இங்கே வசூல் இன்னும் முடியலையாம். மத்தியானம் வரச் சொல்லியிருக்காங்க."

போன ஆண்டும் இவ்வாறே மத்தியானம் என்றார்களாம். அது மாலையாகி, மறுவாரமாகி, ஒரு பகுதி கிடைக்காமலே போயிற்றாம். குற்றம் சாட்டும் குரலில் அவர் இதைச் சொல்லவில்லை; மழை பெய்ததைச் சொல்வது போலச் சொன்னார். நான் சட்டைப் பையிலிருந்து ஒரு பத்து ரூபாய்த் தாளை எடுத்து நீட்டினேன். அவர் கையை நீட்டவில்லை.

"ராத்திரி நீங்க கேட்டீங்களா பாய்? பொன்னுருவி கட்டத்திலே?"

"வழியில் போனபோது காதில் விழுந்தது" என்றேன்.

"விழுந்துதா" என்றார். அவ்வளவே. பிறகு தேநீரை ஆற்றத் தொடங்கிவிட்டார். தாள் என் கையிலேயே இருந்தது.

'காதில் விழுந்தது' என்று நான் சொன்னது ஃபிக்ஹு படித்தவனின் சொல். அரபியில் 'ஸமாஉ' என்றொன்று, 'இஸ்திமாஉ' என்றொன்று. முன்னது ஒலி தானாகச் செவியில் படுவது. பின்னது செவியைக் கொடுத்துக் கேட்பது. ஸஜ்தா வசனம் ஓதப்படும்போது கருதிக் கேட்டவனின் நிலை என்ன, தற்செயலாகக் காதில் பட்டவனின் நிலை என்ன என்று சட்ட அறிஞர்கள் பிரித்துப் பேசியுள்ளனர். தடுக்கப்பட்ட ஒலிகளின் விஷயத்திலும் பழி கருதிக் கேட்டவனுக்கே என்பர். அந்த அருமையான நுட்பத்தை, ஒரு தேநீர்க் கடையிலே, என் ஒரு மணி நேரத்தை மறைத்துக் கொள்ளும் போர்வையாக நான் பயன்படுத்திக் கொண்டேன். கல்வி இவ்வாறும் பயன்படும் என்பதை அன்றுதான் கண்டேன்.

இசை ஆகுமா, ஆகாதா என்னும் பழைய வழக்கை இங்கே தீர்க்க நான் முற்படவில்லை. அதனைத் தீர்க்க வல்லவர்கள் தீர்க்காமலே சென்றிருக்கிறார்கள். மேய்ப்பனின் குழலையே எடுத்துக் கொள்ளுங்கள். இமாம் ராஃபிஈ (ரஹ்) அதனை ஆகும் என்றார். அவர் நூலைச் சுருக்கித் தந்த இமாம் நவவீ (ரஹ்) ஆகாது என்பதே சரி என்றார். இருவரும் ஒரே ஷாஃபிஈ மத்ஹபின் தூண்கள். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் 'இஹ்யா'வில் இசை கேட்டலுக்கென்றே ஒரு தனிப் பகுதி வகுத்து, கருவி எது, பாட்டின் பொருள் எது, பாடுபவர் யார், கேட்பவரின் உள்ளத்திலே அப்போது மேலோங்கி நிற்பது எது என்றெல்லாம் பிரித்துப் பிரித்து ஆராய்கிறார். குடிகாரர் அவைக்கு உரியவையாகிவிட்ட நரம்புக் கருவிகளையும் குழல்களையும் அவர் விலக்கினார், மற்றவற்றில் இடமளித்தார். இவர்களில் எவரைப் பின்பற்றுகிறோமோ அவரைப் பின்பற்றி அவரவர் நடந்து கொள்ளலாம்.

எனினும், இந்த வழக்கில் நாம் அடிக்கடி எடுத்துக் கூறும் அறிவிப்புகளை மீண்டும் ஒருமுறை நோக்கினால், அவற்றுள் வேறொன்றும் தெரிகின்றது. பெருநாள் தினத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லத்தில் இரு சிறுமியர் பாடிக்கொண்டிருக்க, உள்ளே வந்த அபூபக்ர் (ரலி) அவர்கள் கடிந்து கொண்டார்கள். போர்வையால் போர்த்திப் படுத்திருந்த அண்ணல் நபி (ஸல்) அவர்கள் முகத்தைத் திறந்து, அவர்களை விட்டுவிடுமாறும், ஒவ்வொரு சமுதாயத்திற்கும் ஒரு பெருநாள் உண்டு என்றும் கூறினார்கள். அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாட்டு நிகழ்த்தியபோது, அன்னையார் பார்த்து அலுக்கும்வரை அண்ணலார் அவர்களுக்கு மறைப்பாக நின்றார்கள். தமக்காக நின்றதன்று, இன்னொருவரின் மகிழ்ச்சிக்காகக் கால் கடுக்க நின்றது.

இன்னோர் அறிவிப்பு அபூதாவூதில் உள்ளது. அதன் தரத்தைப் பற்றி அந்நூலாசிரியரே ஐயம் தெரிவித்துள்ளார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இப்னு உமர் (ரலி) அவர்கள் வழியிலே ஒரு குழலோசையைக் கேட்டுத் தம் காதுகளில் விரலை வைத்துக் கொண்டு, பாதையை விட்டு விலகி நடந்தார்கள். உடன் வந்த நாஃபிஉ (ரஹ்) அவர்களிடம், 'கேட்கிறதா?' என்று வினவிக்கொண்டே சென்று, இல்லை என்ற பிறகே விரலை எடுத்தார்கள். அண்ணல் நபியவர்களும் இவ்வாறு செய்யத் தாம் கண்டதாகக் கூறினார்கள். இதிலிருந்து அறிஞர்கள் இரு பக்கமும் வாதிடுவர். என் கண்ணில் பட்டது ஒன்றே: அவர்கள் தம் காதைத்தான் மூடினார்கள். குழலை நிறுத்துமாறு ஆள் அனுப்பவில்லை. நாஃபிஉவின் காதை மூடவும் கட்டளையிடவில்லை. கேட்கிறதா என்று கேட்டதோடு சரி. அதற்கு நாஃபிஉ உள்ளதைச் சொன்னார். எனக்கும் அதே வினா ஒரு முகவீணைக்காரர் வாயிலாக வந்தது. நான் உள்ளதைச் சொல்லவில்லை.

இனி இனாமின் மறுபக்கம். இலவச இசை என்று ஒன்று உலகத்தில் உண்டோ? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டைக் காணுங்கள். 1014ஆம் ஆண்டளவில் முதலாம் இராசராசன் அங்கே நானூறு தளிச்சேரிப் பெண்டிரைக் குடியமர்த்தி, ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும் ஆண்டுக்கு நூறு கலம் நெல் வரும் பங்கும் அளித்தான். ஆடல் ஆசான், பாடுவார், கொட்டுவார் அனைவருக்கும் பங்கு உண்டு. தெருவில் நின்று கேட்டவனுக்கு அது இனாம். ஆயின் அதன் பின்னே நெல் இருந்தது, நிலம் இருந்தது, அளக்கும் மரக்கால் இருந்தது. பிற்காலத்திலும் நாகசுரக்காரருக்கும் தவில்காரருக்கும் கோயில் ஊழியத்திற்காக விடப்பட்ட நிலங்களுக்கு 'இனாம்' என்றே பெயர். நம் அரபுச் சொல் தமிழ்நாட்டு வயல் வரப்பு வரைக்கும் போயிருக்கிறது! 1858இல் சென்னை மாகாணத்தில் இனாம் ஆணையம் அமைந்தது. 1963இல் சிறு இனாம்கள் சட்டத்தால் ஒழிக்கப்பட்டன. நிலவுடைமையின் நியாய அநியாயம் வேறு கதை. ஊதுபவனுக்கு நெல் எங்கிருந்து வரும் என்ற கேள்வி மட்டும் அதன்பின் வசூல் நோட்டைச் சார்ந்து நிற்கலாயிற்று.

உத்திரமேரூர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கு விஷயத்தை எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டுவதில்லை. பராந்தக சோழன் காலத்தில் 919, 921ஆம் ஆண்டுகளில் அவ்வூர்ச் சபையார் கல்லிலே வெட்டி வைத்த குடவோலை விதிகளைப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் படிக்கிறார்கள். முப்பது குடும்புகளாக ஊரைப் பிரித்து, பெயரோலைகளைக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்த முறை அது. முப்பத்தைந்து வயதுக்குக் குறைந்தவரும் எழுபதைக் கடந்தவரும் கூடாது என்பதை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். என் உள்ளத்தில் நின்றது வேறொரு விதி. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது போனவர் மட்டுமல்லர், அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலைக்குத் தகுதியற்றவர். ஊர்ப்பணத்தின் கணக்கு ஒருவனுடைய உறவுகளையும் தொடரும் என்று அக்கல் சொல்கிறது. அக்கல்லிலிருந்து கூப்பிடு தொலைவில் ஒரு முதியவர் மீதிப் பணத்திற்காகத் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தார்.

உழைப்பவனின் வியர்வை உலருமுன் அவன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்னும் நபிமொழியை நாம் மேடைதோறும் முழங்குகிறோம். விடிய விடிய ஊதியவனின் வியர்வைக்கு அது பொருந்தாது என்று எந்த நூலிலும் காணோம். அந்த ஊதலை விரும்பாதவருக்கும் அக்கூலி மறுக்கப்படுவதை விரும்ப உரிமையில்லை. ஒருவன் தானே மனமுவந்து தருவது ஹதியா. திருவையாற்றில் தியாகராசர் நினைவு நாளிலே பாடகர்கள் ஊதியமின்றிப் பாடுகிறார்கள். அங்கே சமாதிக் கோயிலை எழுப்பத் தம் செல்வத்தைச் செலவிட்டார் பெங்களூர் நாகரத்தினம்மாள் (1878–1952). அது கொடை. கூலி பேசி அழைத்துவந்து, ஊதச் செய்து, பிறகு மத்தியானம் வா என்பது வேறு. அதற்கு ஃபிக்ஹு நூலில் உள்ள பெயர் கடுமையானது. அவ்வாறு பறிக்கப்பட்ட ஒன்றை ஊரே பாய் விரித்து அமர்ந்து நுகர்ந்தது. புளியமரத்தடியில் நானும் நுகர்ந்தேன். நான் சந்தா கொடுக்க வேண்டிய விழா அதுவன்று என்பது மெய்யே. ஆனால் கேட்டது நான்தானே?

நம் வீட்டுக் கணக்கும் இதைவிடத் தூய்மையானதன்று. கந்தூரி என்னும் சொல்லுக்குப் பாரசீகத்தில் உணவு விரிப்பு என்று பொருள். வந்தவர் எவராயினும் அமர்ந்து உண்ணலாம் என்பதே அப்பெயரின் கருத்து. நாகூர் ஹனீபா (1925–2015) அவர்கள் ஊர் ஊராகச் சென்று மேடையேறிய காலத்தில், அந்த விரிப்பிலே செவிக்கும் ஓர் இடம் இருந்தது. பாய் தெருவுக்கு வெளியே, திண்ணைகளில், நின்ற மாட்டுவண்டிகளில் அமர்ந்து கேட்டவர்களில் முஸ்லிம் அல்லாதார் எத்துணைப் பேர்! அவர்களிடம் நாம் சீட்டுக் கேட்டதில்லை. மறுபுறத்தில், ஷேக் சின்ன மௌலானா (1924–1999) என்னும் முஸ்லிம் நாகசுர மேதை ஆந்திரத்தின் கரவதியிலிருந்து வந்து திருவரங்கத்தில் வாழ்ந்து, 1998இல் சங்கீத கலாநிதி விருது பெற்றார். அவர் ஊதியதை நம்மவரில் சிலர் கடிந்தனர். சிலர் பெருமையாகச் சொல்லிக் கொண்டனர். கடிந்தவர்க்கும் புகழ்ந்தவர்க்கும் ஒன்று பொது: அவர் இசையை அமர்ந்து கேட்டவர்கள் இரு சாராரிலும் குறைவு.

ஒலிபெருக்கியைப் பற்றி இரண்டொரு வார்த்தை சொல்லாமல் விட முடியாது. அந்தக் கூத்திலே குரல் ஊரெல்லையோடு நின்றது. வேண்டாதவன் நான்கு அடி விலகினால் போதும், இப்னு உமர் (ரலி) அவர்கள் விலகியது போல. கூம்புக் குழாய்கள் வந்தபின் விலகுவதற்குப் பாதையே இல்லாது போயிற்று. நோயாளிக்கும் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கும் கைக்குழந்தைக்காரிக்கும் கேட்க மறுக்கும் உரிமையும் இல்லை. இரவு பத்துக்கு மேல் கூடாது என்று 2000ஆம் ஆண்டு விதிகள் சொல்லுகின்றன. அவை கோயிலுக்கு மட்டும் எழுதப்பட்டவை அல்ல, நம் மீலாது மேடைக்கும் சேர்த்தே எழுதப்பட்டவை. வலிந்து ஊட்டுவதை விருந்து என்பதில்லை.

அன்று பிற்பகல் நான் மீண்டும் தேநீர்க் கடைக்குப் போனேன். முதியவர் இல்லை. பணம் கிடைத்துச் சென்றாரா, கிடைக்காமலே சென்றாரா என்பது கடைக்காரருக்குத் தெரியவில்லை. அடுத்த ஆண்டு அதே ஊர்க் கூத்தில் ஆர்மோனியம் மட்டுமே ஒலித்தது. அதன் பின்னர் நான் அவ்வூரை விட்டு மாறிவிட்டேன்.

அந்த மாணவன் இப்போது ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் இரவுப் பணி பார்க்கிறான். சென்ற ரமலானுக்கு முன் என்னைக் காண வந்தான். மகளைக் கைப்பிடித்து அழைத்து வந்திருந்தான். பேச்சு எங்கெங்கோ சென்று அந்தக் காலைப் பாடத்தில் வந்து நின்றது. இத்தனை ஆண்டுகள் வைத்திருந்ததைச் சொல்லிவிடுவோம் என்று துணிந்தேன்.

"தம்பி, அன்று உன்னை நிற்க வைத்தேனே, முந்திய இரவு நானும் அந்தக் கூத்தைக் கேட்டேன். புளியமரத்தடியில் நின்று."

அவன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான்.

"தெரியும் ஹஜ்ரத். உங்கள் வண்டி வந்து நின்ற சத்தமும் கேட்டது. மறுபடி கிளம்பிய சத்தமும் கேட்டது."